குதிரைகளின் தினவு நோயும் ஊராட்சியின் கடமையும்

கால்நடைச் செல்வம் என்றவுடன் பசுவும் எருதும் ஆடுமே நம் நினைவிற்கு வருகின்றன. குதிரையை நம்மில் பலர் ஐயனார் கோயில் வாயிலில் மண்ணுருவாகக் காண்பதோடு சரி. நகரங்களில் ஜட்கா வண்டிகள் மறைந்துவிட்டபின், குதிரையால் இன்று ஆகும் வேலை யாது என்று வினவுவோரும் உளர். ஆயினும், திண்டுக்கல் மாவட்டத்துச் சிறுமலையில் வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் தோட்டத்திலிருந்து சாலைக்கு வந்து சேர்வதற்குக் குதிரைகளே துணைபுரிகின்றன. லாரி ஏற இயலாத மலைத் தடங்களில் அரிசி, உப்பு, உர மூட்டை முதலியவற்றைச் சுமப்பவையும் குதிரைகளும் கோவேறு கழுதைகளுமே. உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்று பல குடும்பங்களுக்குச் சோறு போடுவதும் குதிரையே. ஆடித் திங்களில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் சந்தையில், குதிரைகளைக் காண்பதற்கும் கொள்வதற்கும் இன்றும் மக்கள் திரளாகக் கூடுகின்றனர்.

இக்குதிரைகளை உடையோர் செல்வர் அல்லர். பெரும்பாலோர் ஒன்றிரண்டு குதிரைகளைக் கொண்டு அன்றாடம் பொருளீட்டுவோரே. குதிரை ஒரு நாள் சேணம் ஏற்க மறுத்தால் அந்நாளைய கூலி போயிற்று; ஒரு மாதம் மறுத்தால் கடன் வளர்ந்தது. அவ்வாறு சேணம் ஏற்க மறுப்பதற்குரிய காரணங்களுள் முதன்மையான ஒன்று தோல் தினவும், அதனால் உண்டாகும் புண்ணுமாகும். இந்நோயின் காரணத்தையும், அதனைத் தடுக்கும் முறையையும், அதில் குதிரைக்காரருக்கும் ஊராட்சிக்கும் உள்ள பங்கினையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நோயின் அடையாளங்கள்

குதிரை மரத்திலும் சுவரிலும் கம்பத்திலும் இடைவிடாது உராய்ந்துகொள்ளும். பிடரி மயிர் உதிர்ந்து, கழுத்தின் மேற்புறம் தடித்து மடிப்புகள் விழும். வாலின் அடிப்பகுதியில் மயிர் நைந்து எலிவால் போலாகும். தோள்மேட்டிலும் அடிவயிற்றின் நடுக்கோட்டிலும் சிறு கொப்புளங்கள் தோன்றி, உடைந்து, நீர் கசிந்து, பொருக்குக் கட்டும். குதிரை நிலைகொள்ளாது காலை உதைத்துக்கொண்டும் தலையை அசைத்துக்கொண்டும் இருக்கும். மேய்ச்சலில் கவனம் செல்லாமையால் உடல் மெலியும். சேணமும் வாரும் படும் இடங்களிலேயே புண்கள் அமைவதால் சுமையேற்றும்போது குதிரை கடிக்கவும் உதைக்கவும் முற்படும். ‘குதிரைக்குக் குணம் கெட்டுவிட்டது’ என்று அதனை அடிப்போரும் உண்டு. கெட்டது குணமன்று, தோலே என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

காரணம் யாது?

இத்தகைய தினவுக்குப் பெரிதும் காரணமாவது கூலிக்காய்டிஸ் என்று விஞ்ஞானிகள் பெயரிட்டுள்ள ஒரு சிறு பூச்சியாகும். இது கொசுவினும் சிறியது. 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உடையது. எள்ளினும் சிறிதாகையால் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. இக்கட்டுரையில் இதனைச் சிறுகடிகொசு என அழைப்போம். பெண் பூச்சியே இரத்தம் குடிக்கும். அவ்வாறு குடிக்கும்போது தன் உமிழ்நீரைக் குதிரையின் தோலுக்குள் செலுத்துகிறது. சில குதிரைகளின் உடல் அவ்வுமிழ்நீரை ஒவ்வாத பொருளாகக் கருதி அளவுக்கு மீறி எதிர்க்கிறது. அந்த ஒவ்வாமையே தினவாக வெளிப்படுகின்றது. ஆகவே ஒரே லாயத்தில் நிற்கும் இரு குதிரைகளுள் ஒன்று துடிப்பதும் மற்றொன்று அமைதியாக நிற்பதும் வியப்பன்று. நோயுற்ற குதிரையிடமிருந்து பிற குதிரைக்கு இவ்வொவ்வாமை ஒட்டுவதுமில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணத்தில் நெடுங்காலமாகக் குதிரைகளை வருத்திய தினவு நோயை 1950-களில் ஆராய்ந்த ரீக் என்பார், அது சிறுகடிகொசுவின் கடியால் உண்டாகும் ஒவ்வாமையே என்று விளக்கினார். ஐஸ்லாந்துக் குதிரைகளின் வரலாறும் அறியத்தக்கது. அந்நாட்டில் நெடுங்காலம் இப்பூச்சி இருந்ததில்லை. அங்கே பிறந்து வளர்ந்தபின் ஐரோப்பிய நாடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட குதிரைகள், அதே இனத்தைச் சேர்ந்து அந்நாடுகளிலேயே பிறந்த குதிரைகளைக் காட்டிலும் மிகுதியாக இந்நோய்க்கு ஆளாகின்றன. இளமையில் கடிபட்டுப் பழகாத உடல் பின்னர்க் கடிபடும்போது அதிகமாகச் சீறுகின்றது என்பது இதனால் விளங்கும். வறண்ட நிலத்தில் வளர்ந்த குதிரையைச் சந்தையில் வாங்கி, ஈரம் மிகுந்த மலையடிவாரத்திற்குக் கொண்டுவருவோர் முதலிரண்டு மழைக்காலங்களில் அதன் பிடரியையும் வாலையும் கருத்துடன் கவனித்து வருதல் நன்று.

இவ்வொவ்வாமையை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆண்டுதோறும் கடி தொடருமானால் நோயும் ஆண்டுதோறும் முற்றும். கடியைக் குறைத்தால் நோய் தணியும். எனவே மருந்தைத் தேடி அலைவதற்கு முன்னர்ப் பூச்சியைத் தேடுவதே அறிவுடைமை.

கடிக்கும் பூச்சிகள் மூன்று

பூச்சி ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஒரு வேளையும் உண்டு. அவற்றை அறிந்தால் பாதி வெற்றி பெற்றவராவோம்.

முதலாவது, மேற்கூறிய சிறுகடிகொசு. இது விடியற்காலையிலும் அந்தி நேரத்திலுமே மிகுதியாகக் கடிக்கும். சாணமும் மட்கிய இலையும் கலந்த ஈரச் சேற்றில் இனம் பெருக்கும். பறக்கும் ஆற்றல் குறைவு. பிறந்த இடத்திலிருந்து சாதாரணமாகச் சில நூறு மீட்டர் தொலைவே செல்லும். மென்காற்று வீசினாலே இதனால் பறந்துவந்து அமர இயலாது.

இரண்டாவது, கொட்டில் ஈ. பார்வைக்கு வீட்டு ஈயைப் போன்றே தோன்றும். ஆனால் இதன் வாய் ஊசிபோல் முன்னோக்கி நீண்டிருக்கும். ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிக்கும். பகற்பொழுதில் பெரும்பாலும் கால்களிலேயே கடிக்கும். குதிரை ஓயாது காலை உதைத்தால் இதனையே ஐயுறல் வேண்டும். நனைந்து அழுகும் வைக்கோலும் சிறுநீரும் இலத்தியும் கலந்த குப்பையே இதன் பிறப்பிடம்.

மூன்றாவது, மாட்டு ஈ எனப்படும் பெரிய ஈ. நல்ல வெயிலில், நீர்நிலைகளை அடுத்த இடங்களில் மிகுதியாகத் திரியும். தோலைக் கத்தரித்து, கசியும் இரத்தத்தை நக்கிக் குடிக்கும். கடி மிக வலிப்பதால் குதிரை உடனே உதறும். ஈ எழுந்து அருகிலுள்ள மற்றொரு விலங்கின்மேல் அமர்ந்து குடிப்பதைத் தொடரும். இப்பழக்கத்தினால் நேரும் பெருங்கேட்டைப் பின்னர்க் காண்போம்.

இவையன்றி, கடிக்காத வீட்டு ஈயும் தீங்கற்றதன்று. குதிரையின் இரைப்பையில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகளை ஈக்கள் சுமந்து வந்து, திறந்த புண்ணிலும் கண்ணின் மூலையிலும் விட்டுச் செல்கின்றன. அங்ஙனம் நேர்ந்த புண் எளிதில் ஆறாது. சதை வளர்ந்து பருக்கும். ஆதலின் உராய்வினால் உண்டான சிறு சிராய்ப்பையும் திறந்தபடி விடலாகாது.

எல்லாத் தினவும் பூச்சிக் கடியன்று

பிடரியிலும் வாலிலும் ஒருங்கே தினவு கண்டு, மழைக்காலத்தில் மிகுந்து, வறட்சியில் தணியுமானால் அது பெரும்பாலும் சிறுகடிகொசுவின் வேலையே. வாலின் அடியை மட்டும் தேய்த்துக்கொண்டு, பிடரி நன்றாக இருக்குமானால் குடலிலுள்ள ஊசிப்புழுவைக் கருத வேண்டும். குளிர்காலத்தில் மயிரைப் பிரித்துப் பார்க்கையில் பேனும் ஈரும் தென்படலாம். குதிரைப் பேன் குதிரைக்குக் குதிரை பரவும். சொறி நோயில் தோல் தடித்துச் செதிள் உதிரும். இதுவும் ஒட்டுவார் நோயே. வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்து, தினவு குறைவாக இருந்தால் படர்தாமரையாகலாம். இது மனிதருக்கும் பரவக்கூடியது. புதிதாக வாங்கிய குதிரையை மூன்று வாரங்களேனும் பிற குதிரைகளிலிருந்து விலக்கிக் கட்டுதலும், ஒன்றன் சேணம், போர்வை, தூரிகை ஆகியவற்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்தாமையும் இந்நோய்களைத் தடுக்கும். எதுவென்று துணிய இயலாதபோது கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி ஆய்ந்து கூறுவார்.

சர்ரா: மறக்கலாகாத ஆபத்து

மாட்டு ஈ ஒரு விலங்கின் இரத்தத்தை வாயிற்கொண்டே மற்றொன்றின்மேல் அமர்கின்றது என்றோம். அதன் வழியாகப் பரவும் கொடிய நோய் சர்ரா. 1880-ஆம் ஆண்டில் கிரிஃபித் எவன்ஸ் என்னும் கால்நடை மருத்துவர், அந்நாளைய பஞ்சாபைச் சேர்ந்த தேரா இஸ்மாயில்கான் என்னுமிடத்தில், இந்நோயுற்ற குதிரைகள், ஒட்டகங்கள் ஆகியவற்றின் இரத்தத்தில் நெளியும் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அந்நுண்ணுயிர் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

காய்ச்சல் விட்டு விட்டு வருதல், நன்கு தின்றும் மெலிதல், கண்ணின் உட்புறம் வெளுத்தல், கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம், பின்னங்கால்கள் தள்ளாடுதல் ஆகியன இதன் குறிகள். மருத்துவம் செய்யாவிடில் குதிரை இறக்கும். மாடும் எருமையும் வெளிக்குறி ஏதுமின்றியே இந்நோயைத் தாங்கி நிற்கக்கூடும். எனவே ஈக்கள் மிகுந்த காலத்தில் குதிரையையும் மாட்டையும் ஒரே கொட்டிலில் நெருக்கிக் கட்டாதிருத்தல் நலம். நோய்க்கு மருந்து உண்டு. ஆனால் காலத்தே இரத்தத்தை ஆய்ந்து மருத்துவரே அதனைச் செலுத்த வேண்டும்.

கால்நடைகளின் தொற்றுநோய்கள் பற்றி 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின் அட்டவணையில் சர்ரா இடம்பெற்றுள்ளது. அட்டவணையிலுள்ள நோய் இருக்கலாமென்று ஐயுறும் உரிமையாளர், கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவித்தல் வேண்டும். அத்தகவல் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எட்டுவது ஊராட்சியின் விழிப்பைப் பொறுத்தது. ஊராட்சி உறுப்பினர்கள் இப்பொறுப்பினை நன்குணர்தல் வேண்டும்.

செய்யத் தகாதவை

தினவைத் தாங்கமாட்டாது குதிரை துடிப்பதைக் கண்டு, இரக்கத்தினாலேயே சிலர் கேடு விளைவிக்கின்றனர். அவற்றுள் முக்கியமான சிலவற்றைக் குறிப்பிடுவோம்.

(1) மாட்டு உண்ணிக்கென விற்கப்படும் அமிட்ராஸ் கலந்த மருந்தைக் குதிரைக்கு ஒருபோதும் தெளிக்கவோ பூசவோ கூடாது. மாட்டிற்கு உதவும் இம்மருந்து குதிரையின் குடல் இயக்கத்தை நிறுத்திவிடும். சாணம் அடைத்து, வயிற்றுவலி கண்டு, உயிருக்கே முடிவாகும். கடையில் வாங்கும் எந்தப் பூச்சிமருந்தின் உறையிலும் குதிரைக்கு ஏற்றது என்று எழுதியிருத்தல் வேண்டும். இன்றேல் அதனை வாங்கலாகாது.

(2) இயந்திரங்களிலிருந்து வடித்த கழிவெண்ணெய், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றைப் பூசுவதால் ஈ சற்று விலகலாம். ஆனால் தோல் வெந்து புண் பெருகும். நக்கினால் நஞ்சாகும்.

(3) பயிருக்குத் தெளிக்கும் மருந்தைக் கால்நடையின்மேல் தெளித்தல் பெருந்தீங்கு. குதிரைக்கு மட்டுமன்றித் தெளிப்பவருக்கும் ஆபத்து.

(4) அழகுக்காக வாலைக் குறுகக் கத்தரித்தலும் பிடரியை மழித்தலும் வேண்டா. ஈயை ஓட்டுவதற்கு இயற்கை அளித்த சாமரம் அவை.

(5) மூடிய லாயத்தினுள் மூட்டம் போடுதல் கூடாது. புகை ஈயை விரட்டும். ஆனால் குதிரையின் மூச்சுறுப்புகள் புகைக்கும் தூசிக்கும் எளிதில் பழுதுறுவன. வேப்பிலை மூட்டம் போட விரும்புவோர் லாயத்திற்கு வெளியே, காற்று வரும் திசையில், சற்றுத் தொலைவில் சிறிதளவே போடுதல் வேண்டும்.

(6) தினவை உடனே அடக்கும் ஸ்டிராய்டு ஊசியை மருத்துவர் அல்லாதாரிடம் போட்டுக்கொள்ளலாகாது. குதிரைக்கு அம்மருந்து குளம்பு அழற்சியை வருவித்து நிரந்தரமாக நொண்டியாக்கக்கூடும். அதனை எப்பொழுது, எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மருத்துவரே முடிவுசெய்தல் வேண்டும்.

உரிமையாளர் செய்ய வேண்டியவை

சுமைக் குதிரை விடியலில் புறப்பட்டு அந்தியில் திரும்புகின்றது. சிறுகடிகொசு கடிப்பதும் அவ்விரு வேளைகளிலேதான். சுமையிறக்கியதும் தண்ணீர் வசதி கருதி ஓடைக்கரையிலோ குளத்தங்கரையிலோ குதிரையைக் கட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இதனை மாற்றுவதற்கு ஒரு காசும் செலவில்லை. தண்ணீர் காட்டியபின், ஈரமில்லாததும் காற்று வீசுவதுமான மேட்டிற்குக் குதிரையைக் கொண்டுசென்று கட்டுக. லாயம் உள்ளவர் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே உள்ளே கட்டி, விடிந்து வெயில் ஏறியபின் வெளியே விடுதல் சாலச் சிறந்தது. அவ்வாறு இயலாத நாள்களில், இரு வேளையும் போர்வையேனும் இடுதல் வேண்டும்.

மின்வசதியுள்ள லாயத்தில் ஒரு விசிறி சுழலுமாயின் சிறுகடிகொசு அணுகாது. விசிறியின் கம்பி குதிரையின் வாய்க்கும் காலுக்கும் எட்டாதவாறு அமைத்தல் வேண்டும். சாதாரணக் கொசுவலையின் கண்களில் இப்பூச்சி நுழைந்துவிடும். சன்னமான பருத்தித் துணித் திரையே பயன்படும். கழுத்தையும் முதுகையும் அடிவயிற்றையும் மூடும் மெல்லிய வெண்பருத்திப் போர்வையொன்றைப் பழைய வேட்டிகளைக்கொண்டு வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். நெற்றியில் நூற்குஞ்சம் கட்டுதல் நம் முன்னோர் கண்ட நல்ல வழக்கம். அது கண்ணில் ஈ மொய்க்காது காக்கும்.

எண்ணெய்ப் பூச்சும் ஓரளவு பயன் தரும். ஒரு பங்கு வேப்பெண்ணெயுடன் ஒன்பது பங்கு தேங்காயெண்ணெய் கலந்து, முதலில் உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் பூசி, ஒரு நாள் கழித்துத் தோல் சிவக்கவில்லையென்று கண்டபின், பிடரி, வாலடி, அடிவயிறு ஆகிய இடங்களில் மாலைதோறும் மெல்லியதாகத் தடவலாம். திறந்த புண்ணிலும் கண்ணருகிலும் சேணம் படும் இடத்திலும் தடவலாகாது. இதனால் போதிய பயன் காணாதபோது, குதிரைக்குரிய பெர்மெத்ரின் பூச்சினை மருத்துவர் கூறும் அளவில் பயன்படுத்தலாம்.

வேலை முடிந்து வந்த குதிரையின் வியர்வையைக் குளிர்ந்த நீரால் கழுவித் துடைத்தல் தினவைத் தணிக்கும். சலவைச் சோப்பு தோலின் இயல்பான எண்ணெயை அகற்றிவிடுமாதலின் அது வேண்டா. புண்ணிருந்தால், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து அந்நீரால் கழுவி, மருத்துவர் தரும் களிம்பிடுக. புண் ஆறும்வரை அவ்விடத்தில் சேணம் அழுத்துமாறு சுமை ஏற்றலாகாது. குதிரை இசிவு நோய்க்கு மிக எளிதில் இலக்காவது. ஒரு சிறு சிராய்ப்பே அந்நோய் நுழையும் வாயிலாகலாம். ஆகவே இசிவுத் தடுப்பூசியை உரிய காலத்தில் போடுவித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

பல பூச்சிகள் ஒருசேரக் கடித்தபின் உடலெங்கும் தடிப்பு எழுந்து, முகம் வீங்கி, மூச்சுத் திணறுமானால் ஒரு கணமும் தாழ்த்தலாகாது. 1962 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைப் பெறலாம். இவ்வெண் ஒவ்வொரு குதிரைக்காரர் வீட்டுச் சுவரிலும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

கடும் தினவு நோயுடைய குதிரையை இனவிருத்திக்குப் பயன்படுத்தாதிருத்தலும் அறிவுடைமை. இந்நோய்க்கு ஆளாகும் இயல்பு ஓரளவு பரம்பரையாக இறங்குவது.

இலத்தி: பகையும் செல்வமும்

இதுகாறும் கூறியவை ஒரு குதிரையை ஒரு மாலையில் காப்பாற்றும் வழிகள். பூச்சி பிறக்கும் இடத்தை விட்டுவைத்து, பறக்கும் பூச்சியை மட்டும் விரட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும். ஆதலின் அடிப்படையான வேலைக்கு வருவோம்.

நாட்டுச் சுமைக் குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ இலத்தி இடுகிறது எனக் கொள்வோம். பத்துக் குதிரைகள் உள்ள ஒரு சிற்றூரில் நாளொன்றுக்கு 100 கிலோ; திங்களொன்றுக்கு 3 டன். இது லாயத்தின் பின்புறம் நனைந்து கிடக்குமாயின் ஈக்களின் தொட்டிலாகும். வெப்பமான காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய 7 முதல் 10 நாள்களே ஆகும். கொட்டில் ஈக்கு ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று வாரம். எனவே வாரத்தில் இருமுறையேனும் லாயத்தையும் சுற்றுப்புறத்தையும் முற்றிலும் கூட்டி அகற்றினால், முட்டை ஈயாகுமுன் அச்சக்கரம் அறுபடும். மாதம் ஒருமுறை அள்ளுவோர் ஈக்களை மூன்று தலைமுறை வளர்த்தவராவர்.

அள்ளிய இலத்தியை எருக்குழியில் இட வேண்டும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள நான்கு குழிகள் பத்துக் குதிரைகளுக்குப் போதுமானவை. திங்களுக்கு ஒரு குழியாக நிரப்பி வந்தால், நான்காம் குழி நிறையும்போது முதற்குழியின் எரு வயலுக்கு ஆயத்தமாகும். மட்கும் குவியலின் உட்புறம் 55 பாகை செல்சியஸுக்கு மேலும் சூடேறும்; அவ்வெப்பத்தில் ஈயின் புழுக்கள் உயிர்வாழா. ஆனால் அவை குளிர்ந்த மேற்பரப்பிலும் ஓரங்களிலும் ஒதுங்கிப் பிழைக்கும். ஆகவே வாரம் ஒருமுறை மேற்புறத்தை உட்புறமாகப் புரட்டி, அதன்மேல் மண்ணோ தார்ப்பாயோ இட்டு மூடுதல் வேண்டும். மழை மிகுந்த மலைப்பகுதியில் குழி வெட்டினால் நீர் தேங்கும். அங்கே மேட்டு நிலத்தில் குவியலாக அமைத்து மூடுவதே பொருத்தம். வாழைக்கும் காய்கறிக்கும் இவ்வெரு நல்ல உணவு. பகையை உரமாக்கும் வித்தை இதுவே.

ஊராட்சியின் பங்கு

ஒருவர் தம் லாயத்தைத் துப்புரவாக வைத்து, அடுத்தவர் வைக்காவிடில் பயன் பாதியே. சிறுகடிகொசு சில நூறு மீட்டர் பறக்கும். வேலிகளை அது மதிப்பதில்லை. எனவேதான் இது தனியொருவர் வேலையாக நில்லாது ஊர்ப் பணியாகின்றது. ஊராட்சிகள் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

கால்நடைக் குடிநீர்த் தொட்டிகளைச் சுற்றிலும் சேறு படிந்து கிடப்பதைப் பல ஊர்களில் நாம் காண்கிறோம். நீர் வழிந்து, குளம்புகள் மிதித்து, சாணம் கலந்த அச்சேறே சிறுகடிகொசுவின் பிறப்பிடம். தொட்டியைச் சுற்றிக் கல் அல்லது சிமெண்டுத் தளமிட்டு, வழியும் நீரைக் கால்வாய் வழியே உறிஞ்சுகுழிக்கோ தோட்டத்திற்கோ செலுத்துதல் வேண்டும். கசியும் குழாய்களை உடனுக்குடன் செப்பனிடுதலும் இப்பணியைச் சேர்ந்ததே.

குதிரைகள் கூடும் ஏற்றிறக்கு இடங்களிலும் சவாரி நிலையங்களிலும் பொது எருக்குவியலுக்கு இடம் ஒதுக்கி, வாரத்தில் இரு நாள்களில் இலத்தியை அகற்ற ஏற்பாடு செய்யலாம். எருவை விற்ற தொகையை அப்பணிக்கே செலவிட்டால் ஊராட்சிக்குச் சுமையுமில்லை. சந்தையோ விழாவோ நடைபெறும் ஊர்களில், அது முடிந்த மறுநாளே திடலைத் துப்புரவாக்குதல் கட்டாயமாக இருத்தல் வேண்டும்.

மழைக்காலம் தொடங்குமுன் கால்நடை மருந்தகத்தாருடன் கலந்து, குதிரைகளுக்கென ஒரு நாள் முகாம் நடத்தலாம். தோல் ஆய்வு, சர்ராவிற்கான இரத்த ஆய்வு, குடற்புழு நீக்கம், இசிவுத் தடுப்பூசி ஆகியவற்றை அன்றே முடித்துவிடலாம்.

‘எம் ஊரில் குதிரையே இல்லை; எமக்கு இதனால் என்ன பயன்?’ என்று சில உறுப்பினர்கள் கேட்கக்கூடும். செம்மறியாடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இதே சிறுகடிகொசு இனமே. 1960-ஆம் ஆண்டையொட்டி மேற்கு ஆசியாவின் வழியே நம் நாட்டிற்குள் புகுந்து பல குதிரைகளை மாய்த்த ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்புவதும் இவ்வினமே. அந்நோய் இன்று நம் நாட்டில் இல்லை. ஆனால் நீலநாக்கு நம் ஆட்டுக் கிடைகளை இன்றும் வருத்துகின்றது. கொட்டில் ஈயோ கறவை மாட்டையும் கடித்துப் பாலைக் குறைக்கின்றது. ஆகவே குதிரைக்காகச் செய்யும் துப்புரவு ஆட்டிற்கும் மாட்டிற்கும், ஈற்றில் ஊர் மக்களுக்கும் நலம் பயப்பதாகும்.

கிராம சபையில் ஆராயத்தக்க வினாக்கள்

1. நம் ஊரில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை எத்தனை உள்ளன? அவற்றுள் பிடரியிலோ வாலிலோ மயிர் உதிர்ந்தவை எத்தனை?

2. அவை அந்தி நேரத்தில் எங்கே கட்டப்படுகின்றன? அவ்விடத்திலிருந்து சேறுள்ள இடம் எவ்வளவு தொலைவு?

3. இலத்தியும் சாணமும் எத்தனை நாள்களுக்கு ஒருமுறை அகற்றப்படுகின்றன? எங்கே சேர்க்கப்படுகின்றன?

4. குடிநீர்த் தொட்டிகளின் வழிநீர் எங்கே செல்கின்றது?

5. நோய் ஐயம் எழுந்தால் ஊராட்சியில் யாரிடம் தெரிவிப்பது, மருத்துவருக்கு யார் எழுதுவது என்பது முடிவாகியுள்ளதா?

இவ்வைந்து வினாக்களுக்கும் விடை காணும் ஊராட்சி, பாதி வேலையை முடித்ததாகும். எஞ்சிய பாதிக்கு வேண்டுவன மண்வெட்டியும் கூடையும் சில வண்டிக் கல்லும் வாரத்தில் இரு காலைப் பொழுதும் மட்டுமே. மலைத் தடத்தில் நம் விளைபொருளைச் சுமந்துவரும் வாயில்லா உயிர், தன் துன்பத்தைக் கம்பத்தில் உராய்ந்துதான் சொல்ல இயலும். அதனைக் கேட்டறிந்து ஆவன செய்தல் அதன் உழைப்பை உண்ணும் நம் அனைவரின் கடமையாகும்.